ஒரு நாடு, இரண்டு அரசு

கேள்வி: லிபியாவில் திரிபோலியில் ஓர் அரசு, கிழக்கே இன்னோர் அரசு. இரண்டுமே ‘நாங்கள்தான் சட்டபூர்வமான அரசு’ என்கின்றன. ஊரும் படையும் யார் கையில் இருக்கிறதோ அவர்தானே அரசு? திரிபோலி அரசுக்கு இருக்கும் ஐ.நா. அங்கீகாரம் வெறும் காகிதம்தானே?

பதில்: அந்தக் காகிதத்தை அவ்வளவு லேசாக நினைத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் அங்கே இத்தனை சண்டையும் நடக்கிறது.

2018 ஜூனில் கிழக்கு அரசின் பக்கம் நிற்கும் தளபதி கலீஃபா ஹஃப்தாரின் படை கிழக்குக் கரையில் உள்ள எண்ணெய்த் துறைமுகங்களை மீட்டது. மீட்டவர் அவற்றைத் திரிபோலியில் உள்ள தேசிய எண்ணெய்க் கழகத்திடம் தரவில்லை. கிழக்கு அரசு தனியாக வைத்திருந்த போட்டிக் கழகத்திடம் ஒப்படைத்தார். குழாய், தொட்டி, துறைமுகம், காவலுக்குத் துப்பாக்கி எல்லாம் அவர்களிடம் இருந்தது. ஆனாலும் விற்க முடியவில்லை. அங்கீகாரம் பெற்ற அரசின் அனுமதியில்லாமல் லிபிய எண்ணெயை ஏற்றிச் செல்லும் கப்பலைத் தடுக்க 2014-லேயே பாதுகாப்பு சபை 2146-ஆம் தீர்மானம் போட்டிருந்தது. அதே 2014 மார்ச்சில் ஓர் ஆயுதக் குழு எண்ணெய் நிரப்பி அனுப்பிய ‘மார்னிங் குளோரி’ கப்பலில் அமெரிக்கக் கடற்படையினர் சைப்ரஸ் அருகே ஏறி, அதை லிபியாவுக்கே திருப்பிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எந்த வியாபாரி கப்பல் அனுப்புவார்? ஜூலையில் துறைமுகங்கள் திரிபோலிக் கழகத்திடமே திரும்பி வந்தன.

எண்ணெய் விற்ற பணம் திரிபோலியில் உள்ள மத்திய வங்கிக்குப் போகிறது. கிழக்கிலும் மேற்கிலும் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அந்த வங்கியின் ஆளுநரை மாற்றுவதில் தகராறு வந்ததும் கிழக்கு அரசு எண்ணெய் உற்பத்தியை நிறுத்தியது. புதிய ஆளுநரை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே எண்ணெய் மறுபடி ஓடியது. கிணறு ஒருவர் கையில், கையெழுத்து இன்னொருவர் கையில். அதனால்தான் எந்தத் தரப்பும் மற்றதை முழுதாக விழுங்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

சரி, காகிதம் வைத்திருப்பவர்தான் நியாயமானவர் என்றாகுமா? அதுவும் இல்லை. கம்போடியாவைப் பாருங்கள். 1979 ஜனவரியில் வியட்நாம் படை நோம்பென்னுக்குள் நுழைந்து கெமர் ரூஜ் ஆட்சியைக் கவிழ்த்தது. சொந்த மக்களில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சாவுக்குக் காரணமான ஆட்சி அது. நாட்டின் பெரும்பகுதி வியட்நாம் அமர்த்திய ஹெங் சம்ரின் அரசிடம் வந்த பிறகும் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி கெமர் ரூஜிடமே இருந்தது. 1982-இல் முன்னாள் மன்னர் சிஹானூக்கைச் சேர்த்துக் கூட்டணி என்று பெயர் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். வியட்நாமையும் அதன் பின்னால் நின்ற சோவியத்தையும் பிடிக்காத நாடுகள் கொடுத்த வாக்கு அது. இந்தியா 1980-இல் ஹெங் சம்ரின் அரசை அங்கீகரித்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

நீங்கள் சொல்லும் துப்பாக்கிக் கணக்கை ஏற்க முடியாததற்கு எனக்குப் பெரிய காரணம் டெர்னா என்ற கடலோர ஊர். 2023 செப்டம்பர் 10 இரவு கிழக்கு லிபியாவில் டேனியல் புயல் மழை கொட்டியது. விடிவதற்குள் டெர்னாவுக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் உடைந்தன. ஊரின் நடுப்பகுதி குடும்பம் குடும்பமாகக் கடலுக்குப் போனது. இறந்தவர்கள் பல ஆயிரம். 1970-களில் கட்டிய அந்த அணைகள் பலவீனமாக இருப்பது தெரியாத விஷயம் அல்ல. வெள்ளம் வந்தால் ஊர் தாங்காது என்று லிபியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2022-இலேயே எழுதினார். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியும் வேலை நடக்கவில்லை என்று 2021 தணிக்கை அறிக்கை சொன்னது. ஊரை ஆண்டது கிழக்கு அரசு, உலகம் அங்கீகரித்தது திரிபோலி அரசை. இரண்டில் எந்த அரசும் அந்த அணைகளைச் சரிசெய்யவில்லை. உயிர் தப்பியவர்கள் பள்ளிவாசல் முன்பு திரண்டு பொறுப்பானவர்கள் யார் என்று கேட்டார்கள். மேயர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். 2024 ஜூலையில் 12 அதிகாரிகளுக்கு 9 முதல் 27 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைத்தது. அணை நிர்வாகத்தில் இருந்தவர்கள் அவர்கள். பிரதமர் என்று சொல்லிக்கொண்ட இருவரில் ஒருவரும் அந்தக் கூண்டில் ஏறவில்லை.

எண்ணெய்க் காசு வரும்போது இரண்டு அரசு, அணை உடையும்போது ஓர் அரசும் இல்லை. லிபியர்களைக் கேட்டிருந்தால் இந்த நிலை இவ்வளவு நாள் நீடித்திருக்காது. ஆனால் யார் கேட்டது? கிழக்கில் உள்ள நாடாளுமன்றம் 2014-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது, இன்னும் கலையவில்லை. திரிபோலி அரசு 2021 மார்ச்சில் வந்ததே அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று தேர்தல் நடத்தத்தான். தேர்தலும் நடக்கவில்லை, அரசும் போகவில்லை. அங்கீகாரம் தரும் நாடுகள் இனியாவது அதற்கு ஒரு கெடு வைத்துத் தர வேண்டும். கெடு தாண்டினால் சம்பளம், மருந்து, உணவு இறக்குமதி, இடிந்ததைக் கட்டும் வேலை இவற்றுக்கு மட்டும் எண்ணெய்ப் பணத்தை விட்டுவிட்டு, மிச்சத்தைத் தேர்தல் நடக்கும் வரை இரு தரப்பும் தொட முடியாமல் முடக்கி வைக்க வேண்டும்.