பால்கே விருதும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களும்

அன்புள்ள ஐயா,

சினிமாவுக்கு மத்திய அரசு தரும் மிக உயர்ந்த விருதான தாதாசாகேப் பால்கே விருது 1969-இல் தொடங்கியது. தமிழ் சினிமாவிலிருந்து சிவாஜி கணேசன், கே. பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர்தான் வாங்கியிருக்கிறார்கள். எம்.எஸ். விஸ்வநாதனும் நாகேஷும் அது கிடைக்காமலேயே போய்விட்டார்கள். தமிழர் என்பதால்தானே இந்தப் புறக்கணிப்பு? மத்திய அரசுக்கு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். என்ன நினைக்கிறீர்கள்?

செ.

அன்புள்ள செ.,

எம்.எஸ்.வி. பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. 1981-லேயே இந்தி இசையமைப்பாளர் நௌஷாத்துக்கு வந்த விருது, 2015 வரை வாழ்ந்த எம்.எஸ்.வி.க்கு வராமல் போனது அநியாயம்தான். ஆனால் மொழியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது சிக்கல். சென்னையில் ஸ்டுடியோ நடத்தி, தமிழ்ப் படங்களும் எடுத்த தெலுங்கர்களான எல்.வி. பிரசாத்தும் நாகிரெட்டியும் வாங்கியிருக்கிறார்களே, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என்னை அதிகம் உறுத்துவது வேறு. அந்தப் பட்டியலை முழுக்கப் படித்துப் பாருங்கள். நடிகர்கள், இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், அப்புறம் பாட்டோடு சம்பந்தப்பட்டவர்கள். கடைசிவரை ஒளிப்பதிவாளராகவே இருந்து வாங்கியவர் வி.கே. மூர்த்தி ஒருவர்தான், 2008-ஆம் ஆண்டுக்காக. அவர் ஒளிப்பதிவு செய்த, இந்தி இயக்குநர் குரு தத்தின் ‘காகஸ் கே பூல்’ (1959) இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம். அதில் ஸ்டுடியோ இருட்டுக்குள் மேலிருந்து ஒற்றை ஒளிக்கற்றை இறங்கும். வெளியே அடித்த வெயிலைக் கண்ணாடிகளில் வாங்கி உள்ளே திருப்பி விட்டு அதை உண்டாக்கினார் மூர்த்தி. அப்படிப்பட்டவருக்கே எண்பது வயது தாண்டித்தான் விருது வந்தது. எடிட்டிங், ஒலிப்பதிவு, கலை இயக்கம் ஆகியவற்றையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. (ஹிருஷிகேஷ் முகர்ஜி எடிட்டராகவும் இருந்தவர்தான். ஆனால் நாடு அவரைக் கொண்டாடியது இயக்குநராக.)

பால்கே யார்? புகைப்படக்காரர், அச்சுத் தொழில் தெரிந்தவர். 1912-இல் லண்டன் போய்த் தொழில் பழகி, கேமரா வாங்கி வந்து, அடுத்த வருடமே இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’வை வெளியிட்டார். பிலிமுக்குத் துளையிடுவதிலும் அதைக் கழுவுவதிலும் அவர் மனைவி சரஸ்வதிபாய் கூட நின்று உழைத்தார். இப்படிக் கைவேலையில் பிறந்த சினிமாவின் உச்ச விருது, அந்தக் கைகளைத் தேடிப் போகாதது எனக்குப் பொறுக்கவில்லை.

மறைந்த பிறகு கொடுத்ததும் உண்டு. பிருத்விராஜ் கபூருக்கும் வினோத் கன்னாவுக்கும் அப்படித்தான். ஆனால் அது அபூர்வம், அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

சரி, மனு எழுதுங்கள். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கே எழுதுங்கள். நடிகர்கள் பெயரோடு, இன்று நம்மிடையே இருக்கும் மூத்த எடிட்டர் ஒருவர், ஒலிப்பதிவாளர் ஒருவர் பெயரையும் அவர்கள் வேலை செய்த படங்களின் விவரத்தோடு சேருங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.