ஆர்கானிக் பருத்தி ஆடைத் தொழில்: கேட்டீர்கள், சொல்கிறேன்

நூல் வாங்குவதில் தொடங்கி பேக்கிங் வரை ஆர்கானிக் ஆர்டர்களை, அதாவது ரசாயன உரமும் பூச்சிமருந்தும் மரபணு மாற்றிய விதையும் இல்லாமல் விளைந்த பருத்தி ஆடைகளின் ஆர்டர்களை, கவனிப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கடை வைத்திருப்பவர்: அக்கா, துணியைத் தொட்டுப் பார்த்தே ஆர்கானிக்கா என்று சொல்ல முடியுமா?

முடியாது. சொல்கிறேன் என்பவரிடம் சரக்கு எடுக்காதீர்கள். துணி மெத்தென்று இருப்பதற்குக் காரணம் பஞ்சின் ரகமும் நூல் கவுண்ட்டும் (நூலின் பருமன்) ஃபினிஷிங்கும். லேப் டெஸ்ட்டும் பாதி தூரம்தான் வரும். மரபணு மாற்றிய விதையா என்று பஞ்சில் பார்க்கலாம். அதற்கு 2019-இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ ஒரு முறையே வகுத்தது (ஐடபிள்யூஏ 32). ஆனால் ப்ளீச்சும் சாயமும் கண்ட துணியில் டிஎன்ஏ சிதைந்துபோயிருக்கும். மரபணு மாற்றாத பருத்திக்கும் ரசாயன உரமும் மருந்தும் அடித்திருக்கலாமே! கடைசியில் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

புது மெர்ச்சண்டைசர்: மில்காரர் கோட்ஸ் சான்றிதழ் அனுப்பிவிட்டார். அது போதுமா?

கோட்ஸ் (GOTS) என்பது ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச்சான்று. அவர் அனுப்பியது அதன் ஸ்கோப் சான்றிதழாக இருக்கும். ‘இந்த மில் ஆர்கானிக் நூல் செய்யத் தகுதியுள்ளது’ என்பதுதான் அதன் பொருள். உங்களுக்கு வந்த பேல்கள் (மூட்டைகள்) ஆர்கானிக் என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்வது டிரான்சாக்ஷன் சான்றிதழ், நம் பேச்சில் டிசி. யார் யாருக்கு எத்தனை கிலோ விற்றார், எந்த இன்வாய்ஸ் என்று அதில் இருக்கும். ஜின்னிங் (கொட்டை பிரிப்பது), ஸ்பின்னிங் (நூற்பது), நிட்டிங் (துணி பின்னுவது), தையல் என்று சரக்கு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் இது வேண்டும்.

ஆடிட்டர் முதலில் தொடுவது எடைக் கணக்கைத்தான். 1,000 கிலோ நூல் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிட்டிங்கிலும் சாயத்திலும் 8 சதவீதம் போனால் 920 கிலோ துணி. கட்டிங் வேஸ்ட் 15 சதவீதம் போக 782 கிலோ. பீஸ் 150 கிராம் என்றால் சுமார் 5,200 பீஸ் வரும். நீங்கள் 6,500 பீஸுக்கு பில் போட்டிருந்தால் மிச்சத் துணி எங்கிருந்து வந்தது? பதில் இல்லையென்றால் டிசி கிடைக்காது. இந்தக் கணக்கை ஆர்டர் முடிந்தபின் உட்கார்ந்து போடாதீர்கள், வாரா வாரம் போடுங்கள்.

காகிதத்திலும் கள்ளம் உண்டு. 2020-இல் இந்தியாவில் போலி டிசிகளை வைத்து 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று காட்டப்பட்டதைக் கோட்ஸ் அமைப்பே வெளியிட்டது. அதனால் பிடிஎஃப் வந்ததும் ஃபைலில் போட்டுவிடாமல், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடம் எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள்.

தையல் தொழிலாளி: ஆர்கானிக் ஆர்டர் ஓடினால் எங்களுக்கு என்ன லாபம் அக்கா?

அதற்காகப் பீஸ் ரேட்டை உயர்த்த வேண்டும் என்று விதி இல்லை. நேராகச் சொல்வதே நல்லது. ஆனால் கோட்ஸ் வெறும் பஞ்சுக் கணக்கு இல்லை. குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய வேலை கூடாது, சங்கம் வைக்கும் உரிமை உண்டு என்று ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) வழியிலான நிபந்தனைகள் அதில் இருக்கின்றன. வாழப் போதுமான கூலிக்கும் கொடுக்கும் கூலிக்கும் உள்ள இடைவெளியைக் கம்பெனி கணக்கிட்டுக் காட்டவும் வேண்டும். ஆடிட்டர் வரும் நாளில் தொழிலாளிகளிடம் தனியாகப் பேசுவார். அப்போது ‘எல்லாம் நல்லாருக்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

அதே தொழிலாளி: அவசரத்துக்கு வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கிறார்களே?

சான்றிதழில் சேராத யூனிட்டுக்குப் போனால் சங்கிலி அங்கேயே அறுந்தது. ஓவர்லாக் (ஓரத் தையல்) மட்டும்தான் அடித்தோம் என்றாலும் அதே கதைதான்.

பிரிண்டிங் பட்டறைக்காரர்: பிளாஸ்டிசால் பிரிண்ட் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

அதில் பிவிசி என்ற பிளாஸ்டிக் இருக்கிறது. பெரும்பாலும் அதை இளக்கும் தாலேட்டும் இருக்கும். இரண்டையும் கோட்ஸ் அனுமதிப்பதில்லை. தண்ணீர் சார்ந்த பிக்மென்ட் மைக்கு மாறுங்கள். மாறும்போது கை பழக நாளாகும். வேலையை நிறுத்தி டீ குடிக்கப் போய்த் திரும்பினால் மை ஸ்க்ரீனில் காய்ந்து அதன் துளைகளை அடைத்திருக்கும். போகுமுன் ஸ்க்ரீனில் மையைப் பரப்பி மூடிவிட்டுப் போங்கள். கியூரிங்கில் (மையைச் சூட்டில் பதிய வைக்கும்போது) நீராவி வெளியேறப் போதிய காற்று வேண்டும். அது குறைந்தால் முதல் சலவையிலேயே பிரிண்ட் வெளுக்கும்.

ஒருவர்: இயற்கைச் சாயம்தான் போட வேண்டுமா?

இல்லை. விதிக்கு உட்பட்ட செயற்கைச் சாயமும் போடலாம். புற்றுநோய் தரும் அமீன் என்ற ரசாயனத்தை வெளியிடும் அசோ சாயமும், குளோரின் ப்ளீச்சும் கூடாது, பெராக்சைடு போடலாம். கழிவுநீரைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைக்கும் இடமில்லை.

சொந்த பிராண்ட் தொடங்குபவர்: ஓசிஎஸ் (OCS) என்ற இன்னொரு ஆர்கானிக் சான்றுக்குச் செலவு குறைவு என்கிறார்கள். கோட்ஸுக்குப் பதில் அது போதாதா?

என்ன சொல்லி விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துணியில் எவ்வளவு ஆர்கானிக் பஞ்சு என்பதை மட்டும்தான் ஓசிஎஸ் உறுதி செய்யும். சாயம், கழிவுநீர், தொழிலாளர் எதையும் தொடாது. ‘ரசாயன பயம் இல்லாத ஆடை’ என்று ஓசிஎஸ்ஸை வைத்து விளம்பரம் செய்வது, என் பார்வையில், வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

கோட்ஸில் ஆர்கானிக் நார் 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ‘ஆர்கானிக்’, 70 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ‘ஆர்கானிக் கொண்டு செய்தது’ என்று இரண்டு தரம். லெக்கிங்ஸுக்கு 5 சதவீதம் எலாஸ்டேன் (இழுபடும் செயற்கை நூல்) சேர்த்தாலும் முதல் தரத்திலேயே நிற்கலாம். ஆனால் மிச்சத்துக்குச் சாதாரணப் பருத்தியைக் கலக்கக் கூடாது. டேக்கில் லோகோவோடு தரம், சான்றளித்தவர் பெயர், உரிம எண் மூன்றும் வேண்டும். டிசைனுக்குச் சான்றளிப்பவரின் ஒப்புதல் வந்தபிறகு மட்டும் அச்சுக்குக் கொடுங்கள்.