கட்டி உண்டாக்கும் வைரஸ்களை ஆராய எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவு. டாக்டர் ஆக வேண்டாம், புற்றுநோய் வைரஸ்களை ஆராயப் போகிறேன் என்கிறாள், இதில் பிழைப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு அம்மா, ஆனால் தாமதமாகத்தான்.

துறையின் போக்கைப் பாருங்கள். 1911இல் பெய்டன் ரவுஸ், கோழியின் கட்டியை அரைத்து, செல்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்த சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. காரணம், செல்லைவிடச் சிறிய ஒரு வைரஸ். நோபல் பரிசு 1966இல்தான் கிடைத்தது! 1970இல் ஸ்டீவ் மார்ட்டின் அந்த வைரஸின் பிறழ்வு (மரபணு மாறிய வகை) ஒன்றைப் பிரித்தெடுத்தார். வெப்பத்தைக் கூட்டினால் அதனால் செல்லைப் புற்றாக மாற்ற முடியவில்லை, பெருகுவது மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் புற்றாக்கும் வேலைக்குத் தனி மரபணு இருக்க வேண்டும். அதுதான் சார்க். 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினர், சார்க்கின் மூலம் நோயில்லாத கோழியின் டிஎன்ஏவிலேயே இருப்பதைக் காட்டினார்கள். வைரஸ் அதைக் கோழியிடமிருந்துதான் எடுத்திருக்கிறது.

வைரஸைத் துரத்தியவர்கள் கடைசியில் செல்லுக்குள் வந்து நின்றார்கள். அதனால்தான் 'கேன்சர் பயாலஜி', 'வைராலஜி' என்ற பெயரைப் பார்த்து இளநிலையிலேயே லட்சக்கணக்கில் பணம் கட்டிச் சேர்க்காதீர்கள் என்கிறேன். மரபியல், உயிர்வேதியியல், கொஞ்சம் கணக்கு, இவை உறுதியாக இருந்தால் போதும். (வார்மஸ் முதலில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கியவர். பதற்றம் வேண்டாம்.)

என் முதல் தேர்வு ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. இடம் கிடைக்காவிட்டால் மாணவர்களைக் கையால் சோதனை செய்யவிடும் கல்லூரியில் பி.எஸ்சி., அப்புறம் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி. பிஎச்.டி.க்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அந்த வயதில் உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆய்வு நிலையமான ஆக்ட்ரெக், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம் போன்ற இடங்களில் புற்றுநோய் ஆய்வு நடக்கிறது. எல்லோரும் பேராசிரியர் ஆவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்பிவி வைரஸுக்குப் புனே சீரம் நிறுவனம் தடுப்பூசி தயாரிக்கிறது. பரிசோதனைக் கருவி செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் நிலையான வேலை அமைய முப்பது வயது ஆகலாம். கல்யாணப் பேச்சை அதற்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள்.

நீட்டுக்கும் விண்ணப்பிக்கலாமா என்றீர்கள். அவள் சரி என்றால் போடுங்கள். அந்தத் தயாரிப்பு ஐசர் நுழைவுத் தேர்வான ஐஏடிக்கும் உதவும். ஐஏடியில் கணக்கும் உண்டு, அதற்கு மட்டும் இப்போதே தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.