ஸ்காட்லாந்துக் கிராமத்தில் காபி கிடைக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஜூன் மாதம் நானும் மனைவியும் எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து பத்து நாள் கார் எடுத்துக்கொண்டு கிராமப்புறங்களைச் சுற்றுவதாகத் திட்டம். எனக்குக் காலை, பதினொரு மணி, மாலை மூன்று வேளையும் நல்ல காபி வேண்டும். மனைவி டீ கட்சி. அங்கே போய்வந்த நண்பர் ஒருவர், "அது டீயும் விஸ்கியும் குடிக்கிற ஊர். நகரத்தைத் தாண்டினால் இன்ஸ்டன்ட் தூள்தான்" என்று பயமுறுத்துகிறார். விஸ்கி நான் தொடுவதில்லை. மாப்பிள்ளையோ வடகோடிக் கடற்கரையைச் சுற்றிவரும் ஐந்நூறு மைல் வழியில் போகச் சொல்கிறார். ஃபில்டரும் பொடியும் எடுத்துப் போகவா? காபியை வைத்து ஒரு பயணத்தைத் திட்டமிடுவது சிறுபிள்ளைத்தனமா?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் எப்போது போய்வந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வது பழைய கதை. தங்கும் அறையில் கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்திருப்பார்கள்: இரண்டு இன்ஸ்டன்ட் பொட்டலம், கட்டைவிரல் உயரத்தில் பால் டப்பா, பிளாஸ்டிக் உறை போட்ட பிஸ்கட். அந்தத் தட்டு இன்னும் மாறவில்லை. அதை வைத்து ஊரை எடை போட்டால் அவர் சொல்வது சரி. வெளியே வந்து தெருவில் பார்த்தால் வேறு கதை. கொட்டையைத் தாங்களே வறுக்கும் சின்னச் சின்ன ஆட்கள் இப்போது கிராமங்களுக்கே வந்துவிட்டார்கள். ஸ்கை தீவில் கார்போஸ்ட் என்று ஒரு சிற்றூர். 1830-இல் தொடங்கிய டாலிஸ்கர் விஸ்கி ஆலை அங்கேதான் இருக்கிறது. பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அதற்கு எதிரிலேயே கேரா டூ என்று ஒரு காபிக்கடை. ஆலைக்குள் நுழையாமல் கையில் காபியோடு கடல்நீர் ஏரியைப் பார்த்து நிற்பவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். விஸ்கி தொடாததில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 2014 டிசம்பரிலிருந்து அங்கே வண்டி ஓட்டுபவருக்கான மது அளவு இங்கிலாந்தைவிடக் கடுமை: 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான். ஆகவே ஸ்டியரிங் பிடிப்பவர் எப்படியும் காபிக்குத்தான் வந்தாக வேண்டும்.

மாப்பிள்ளை சொல்லும் வழி 516 மைல். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். பல இடங்களில் ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி வழிவிட வேண்டும், போகிறவர் கை தூக்கி நன்றி சொல்வார், நீங்களும் தூக்க வேண்டும். நாலு தடவை செய்யும்வரை இது நன்றாக இருக்கும். நாற்பதாவது தடவை, முன்னால் வீடு போன்ற ஒரு கேரவன் பின்னோக்கி நகரத் தெரியாமல் திணறும்போது, எந்தக் காபியும் அந்த எரிச்சலை ஆற்றாது. ஐந்நூறு மைலை முடித்தாக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஒரு ஊரிலும் அரை மணி உட்கார மாட்டீர்கள். காபிப் பிரியனின் பயணத்துக்கு உட்காருவதுதானே முக்கியம்?

அதற்குப் பதிலாக இரண்டே இடம். முதல் பாதிக்கு பெர்த்ஷயரில் ஆபர்ஃபெல்டி. எடின்பரோவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டே ஆற்றின் மேல் 1733-இல் கட்டிய கல்பாலம், நடந்து போக ஒரு அருவிப் பள்ளத்தாக்கு, 1825-இல் ஓட்ஸ் அரைக்கக் கட்டிய ஆலைக்குள் இப்போது புத்தகக் கடையும் காபிக்கடையும். மேலே புத்தகம், கீழே காபி. அந்த ஊரிலேயே க்ளென் லயன் என்ற பெயரில் காபி வறுப்பவர்களும் இருக்கிறார்கள். இத்தனூண்டு ஊருக்கு இது அதிகம்தான். இரண்டாவது பாதிக்கு ஸ்கை, அல்லது கூட்டம் பிடிக்காவிட்டால் ஸ்கைக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கமே ப்ளாக்டன் என்ற ஊர். இரண்டு இடத்திலும் ஹோட்டல் வேண்டாம், சமையலறையுள்ள வீடாகப் பிடியுங்கள். காரணம் பால். ஃபில்டருக்குக் கெட்டில் தண்ணீர் போதும், பாலைக் காய்ச்ச அடுப்பு வேண்டுமே. கடையில் நீல மூடி போட்ட பால்தான் கொழுப்பு எடுக்காத முழுப்பால். பச்சை மூடியை எடுத்தால் காபி நீர்த்துத்தான் போகும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. முதல் கடையில் முதல் மடக்கில் உங்களுக்குப் பால் திரிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். திரிந்திருக்காது. அவர்கள் கொட்டையை நம்மூர் போலக் கறுக்க வறுப்பதில்லை, இளவறுவலில் பழப்புளிப்பு நிற்கும். கூடவே தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. மேட்டுநிலத்தில் பெரும்பாலும் கடினப் பாறையிலும், மக்கிய செடிகளாலான கரிமண் சதுப்பிலும் விழுந்து ஓடும் மழைநீர். கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் மிகக் குறைவு. காபியின் அமிலத்தைச் சமன் செய்வது பைகார்பனேட்தான். அது இல்லாதபோது புளிப்பு மட்டுப்படாமல் நாக்கில் நேராக ஏறும். லண்டனின் சுண்ணாம்புத் தண்ணீரில் அடங்கிக் கிடக்கும் அதே கொட்டை இங்கே கூர்மையாகத் தெரியும். கிளாஸ்கோவுக்கு 1859 முதல் கட்ரின் ஏரித் தண்ணீர் வருகிறது. அதுவும் இதே வகை, கெட்டிலில் உப்புப் படியாத மென்மை. பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு இது வரம். நீங்கள் பால்காபிக்காரர் என்பதால் கடையில் கொஞ்சம் கறுக்க வறுத்த கொட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஃப்ளாட் வைட் சொல்லுங்கள், லாட்டே வேண்டாம், அதில் பால்தான் நிறைய. இன்னொன்று, பாலை அவர்கள் அறுபது, அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் சூடாக்குவதில்லை. நமக்கு அது ஆறிப்போன காபி. 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தாலும் போட்டுத் தருவார்கள்.

ஃபில்டர் தாராளமாக எடுத்துப் போங்கள், பொடியும்தான். பொடியில் சிக்கரி இருக்கிறதே என்று கூச வேண்டாம். சிக்கரிக் காபிக்குக் கிளாஸ்கோவிலேயே ஒரு வரலாறு உண்டு. பேட்டர்சன் குடும்பத்தார் 1870-களில் கேம்ப் காபி என்று ஒரு கறுப்புப் பாகைப் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். சர்க்கரை, சிக்கரிச் சாறு, கொஞ்சம் காபி. முகப்பில் கூடாரத்தின் முன்னால் ஸ்காட்டியப் படைவீரன் உட்கார்ந்திருப்பான், சீக்கியப் பணியாள் தட்டோடு நின்றிருப்பான். காலம் மாறமாற அந்தப் படமும் மாறி, இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். இன்றும் விற்கிறது, பெரும்பாலும் கேக் செய்பவர்கள்தான் வாங்குகிறார்கள். படத்துக்காக ஒரு புட்டி வாங்கலாம். குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆபர்ஃபெல்டிக்குப் போகும் ஏ9 சாலையில் டன்கெல்ட் என்ற பலகையைப் பார்ப்பீர்கள், அதே சாலையில் மேலும் வடக்கே போனால் பிளேர் அத்தோல். இலங்கை மலையகத்துக்காரர் யாராவது கூட இருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார். ஹட்டன், டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களுக்கு இதே பெயர்கள்தான். ஸ்காட்லாந்திலிருந்து போன துரைமார் இட்டவை. அவர்கள் முதலில் போனது காபிக்காக. மதுரை, திருச்சி, சேலம் பக்கத்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறியதும் காபி பறிக்கத்தான். வழியிலேயே காலராவிலும் பசியிலும் மடிந்தவர்கள் ஏராளம். அபர்டீனுக்குத் தெற்கே கின்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852-இல், இன்னும் இருபது வயது ஆகாத பையனாக, காபித் தோட்ட வேலைக்குத்தான் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். 1867-இல் லூல்கந்துரை என்ற தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டுப் பார்த்தார். இரண்டே வருடத்தில் காபிச் செடிகளுக்கு இலைத்துரு நோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கைக் காபி கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டு, எல்லா மலையிலும் தேயிலை ஏறியது. இதை உங்கள் மனைவியிடம் சொல்லாதீர்கள். டீ ஜெயித்த கதையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

வெளியில் உட்கார்ந்து நாமே காபி போட்டுக் குடிப்பதற்கும் அங்கே நல்ல வசதி உண்டு. 2003-இல் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை மலை, காடு, ஏரிக்கரை என்று பெரும்பாலான இடங்களில் நடக்கவும் தங்கவும் எவருக்கும் உரிமை தருகிறது. சின்ன கேஸ் அடுப்பு போதும். கேஸ் புட்டியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்குங்கள். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டாதீர்கள், கரிமண் உள்ளுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். ரானக் மூர் என்ற சதுப்புவெளிக்குப் பக்கத்தில் ஒரு சாயங்காலம் நான் இப்படிக் காபி போட்டேன். ஆற்றி முடித்தபோது காற்று நின்றது. அவ்வளவுதான், மிட்ஜ் என்ற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கொசு போன்ற பூச்சி எங்கிருந்தோ வந்து, டபரா நுரைமேல் மிளகுத்தூள் தூவியது போல மிதந்தது. காதுக்குள், கண்ணிமையில், சட்டைக்குள் எங்கும். கொட்டிவிட்டுக் காருக்குள் ஓடினேன். ஜூனில் போகிறீர்கள், அது அவற்றின் மாதம். காற்றோ நல்ல வெயிலோ இருந்தால் வராது. ஆகவே காலை பதினொரு மணிக் காபியை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், மாலைக் காபியை வீட்டுக்குள்.

மாலைக் காபியை வீட்டில் குடிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூனில் பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், ஆனால் கிராமத்துக் காபிக்கடை நாலு, ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் திறப்பதே இல்லை. கிளம்பும் அன்று காலையில் கடையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருந்தால் மனம் தளர வேண்டாம். சாலையோரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த சின்ன மரப்பெட்டி தென்படும். உள்ளே கேக் துண்டு, முட்டை, டேப்லெட் என்ற கெட்டி இனிப்பு, ஒரு விலைப்பட்டியல், காசு போட ஓட்டை வைத்த தகர டப்பா. ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்கில் உங்கள் டிகாக்ஷன் காபி இருந்தால் கடை திறந்திருக்கிறதா என்ற கவலையே இல்லை.

காபியை வைத்துத் திட்டமிடுவது சிறுபிள்ளைத்தனமா என்று கேட்டீர்கள். கோட்டைகளை வைத்துத் திட்டமிடுபவர் ஐந்தாவது கோட்டையில் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். காபிக்காக நிற்பவர் சந்தைநாளில் ஊர்க்காரர்களோடு வரிசையில் நிற்பார், மழை பற்றி ரெண்டு வார்த்தை பேசுவார், எந்தச் சாலையில் ஆடுகள் படுத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டு கிளம்புவார். எனக்கு இது போதும். மனைவிக்குக் கவலை வேண்டாம், டீயும் ஸ்கோனும் கிடைக்காத கடையே இல்லை. வீட்டை மட்டும் இப்போதே பிடித்துவிடுங்கள். ஸ்கையில் ஜூனுக்கு மே மாதம் தேடினால் கிடைக்காது. பல வீடுகள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கில்தான் வாடகைக்கு வரும், அதற்கேற்ப உங்கள் பத்து நாளைக் கொஞ்சம் முன்பின் நகர்த்த வேண்டியிருக்கலாம்.

அன்புடன்.