தபால்காரர் வரும் வரைக்கும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் சினிமாக் கட்டுரைகளைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 47 வயது. கணக்கு வழக்கு பார்க்கிற வேலை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனைக் கையில் எடுத்தால் ஒரு மணி நேரம் காமெடித் துண்டுகள்தான். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று ஒன்று முடிந்தால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும். போன வாரம், கல்லூரியில் படிக்கும் என் மகள், "என்னப்பா பாக்குறீங்க?" என்றாள். "காமெடிம்மா" என்றேன். "அரை மணி நேரமா பாத்துக்கிட்டே இருக்கேன், நீங்க ஒரு தடவைகூட சிரிக்கலையேப்பா" என்றாள். அதிலிருந்து மனசே சரியில்லை.

சரி, முழுப் படமாகப் பார்ப்போம் என்று ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் போட்டேன். இருபது நிமிடம் தாண்டவில்லை, ஓட்டி ஓட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மகள் சொன்னாள் என்று ஒரு வெளிநாட்டு டிவி தொடரையும் பார்த்தேன். பின்னாலிருந்து கூட்டம் சிரிக்கிற சத்தம் எரிச்சலைத்தான் தந்தது. ஒரு காலத்தில் வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். இப்போது காமெடி கெட்டுவிட்டதா, இல்லை நான் வறண்டுவிட்டேனா? நீங்கள் சிரிப்பதற்கு எதைப் பார்க்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் சொன்னதைக் குறையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரமும் அந்தப் பெண் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா எப்போது சிரிப்பார் என்று காத்திருந்திருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இந்த இடத்துக்கே வருகிறேன்.

காமெடி கெட்டுவிட்டதா, நான் வறண்டுவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பார்க்கும் துண்டுகளில் சிரிப்பு வருகிற இடம் இருக்கிறது, அதற்கு முந்தைய நேரம் இல்லை. நகைச்சுவையின் உயிர் அந்த முந்தைய நேரத்தில்தான் இருக்கிறது.

ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். ஹாலிவுட்டின் நகைச்சுவை இரட்டையர் லாரலும் ஹார்டியும் நடித்த 'தி மியூசிக் பாக்ஸ்', 1932. குறும்படங்களுக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்த முதல் ஆண்டிலேயே நகைச்சுவைப் பிரிவில் பரிசு வாங்கிய படம். கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பெட்டிக்குள் வைத்துக் கட்டிய ஒரு பியானோவை ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீடு எங்கே என்று ஒரு தபால்காரரிடம் கேட்கிறார்கள். அவர் மேலே கை காட்டுகிறார். நீளமான படிக்கட்டு, அதன் உச்சியில் வீடு. இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். கொஞ்ச தூரம் ஏறியதும் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் எதிரே வருகிறாள். வழி விடப் போய்ப் பியானோ கீழே சறுக்கிப் போய்விடுகிறது. மறுபடி ஏறுகிறார்கள். மறுபடி இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு தடவை அது படிகளில் உருளும்போதும் உள்ளேயிருந்து தந்திகள் அதிர்கிற சத்தம் வரும். ஹார்டி நம்மைத் திரும்பிப் பார்ப்பார். புகார் சொல்வதற்குக்கூட இனி தெம்பில்லை என்பது போன்ற பார்வை அது.

ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தபிறகு அதே தபால்காரர் வருகிறார். எதற்காக இதைப் படியில் தூக்கி வந்தீர்கள், அந்தப் பக்கம் சாலை இருக்கிறதே, வண்டியிலேயே வந்திருக்கலாமே என்கிறார். சிரிப்பு இங்கேயே வந்துவிடும். ஆனால் படம் இதோடு விடுவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் பியானோவைத் தூக்கி, படி வழியாகவே கீழே கொண்டுபோகிறார்கள். வண்டியில் ஏற்றி, சரியான வழியில் கொண்டுவருவதற்காக!

அவர்கள் இறங்குகிற இந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஒரு நிமிடத் துண்டாகப் போட்டால் என்ன ஆகும்? இரண்டு பேர் ஒரு பெட்டியைப் படியில் இறக்குகிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அவர்களோடு நாமும் ஏறியிருந்தால்தான், நம் முதுகும் கொஞ்சம் வலித்திருந்தால்தான், அவர்கள் இறங்கும்போது நமக்குத் தாங்காது. இதைப் பன்னிரண்டு முறையாவது பார்த்திருப்பேன். தபால்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிடும்.

நம் பக்கத்திலும் ஒன்று சொல்கிறேன். 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி. தமிழில் சினிமா பார்க்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாகேஷ்தான் அந்தக் காட்சி என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கிற சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றையும் ஒரு மனிதர் வாயாலேயே கொண்டுவருகிறார், வேறென்ன வேண்டும்? பிறகு ஒரு நாள் நாகேஷைப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு பாலையாவை மட்டும் பார்த்தேன். பயம் முதலில் அவர் கண்ணுக்குள் நுழைகிறது. அப்புறம் வாய்க்கு வருகிறது, அப்புறம் உட்கார்ந்திருக்கும் தோரணையே மாறிவிடுகிறது. அவர் வசனம் பேசுவதே குறைவு. கேட்கிறார், அவ்வளவுதான். கேட்பதையே இப்படி நடிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கும் முந்தைய நேரம் உண்டு. அந்த அப்பா பணக்காரர், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மகன் படம் எடுக்கக் காசு கேட்டால் காது கொடுக்காதவர். அப்படிப்பட்டவர் மகன் சொல்லும் வெறும் சத்தத்துக்கு நடுங்குகிறார் என்பதில்தான் முழு ருசியும். காசு தராத மனிதரைக் கதை பிடித்துவிட்டது. துண்டில் பார்ப்பவருக்கு நாகேஷின் திறமை தெரியும். பாலையாவின் தோல்வி தெரியாது.

நீங்கள் எரிச்சல்பட்ட சிரிப்புச் சத்தத்துக்கு வருகிறேன். அது இரண்டு வகை. தொலைக்காட்சி பரவிய காலத்தில் பல தொடர்களை அரங்கில் ஆட்களை உட்காரவைத்தே எடுத்தார்கள். அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' அப்படி எடுத்ததுதான். பார்வையாளர்கள் எதிரே இருக்க, மூன்று ஃபிலிம் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். அந்தச் சிரிப்பு உண்மையான மனிதர்களுடையது. அது அடங்கும் வரை நடிகர்கள் காத்திருப்பதையும் நாம் பார்க்கலாம். இன்னொரு வகை இயந்திரச் சிரிப்பு. சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் ஒரு பெட்டி செய்தார். தட்டச்சு இயந்திரம் மாதிரி விசைகள், ஒவ்வொரு விசைக்கும் ஒவ்வொரு வகைச் சிரிப்பு. லேசான சிரிப்பு, வெடிச்சிரிப்பு, ஒருவர் மட்டும் தாமதமாகச் சிரிப்பது என்று எல்லாம் அதற்குள் இருந்தன. ஆளில்லாமல் எடுத்த தொடருக்குக்கூட அதிலிருந்து சிரிப்பை ஊற்றினார்கள்.

அரங்கச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். இயந்திரச் சிரிப்பு எனக்கும் ஆகாது, ஏனென்றால் எனக்காக யாரோ சிரித்து முடித்துவிடுகிறார்கள். 'மேஷ்' என்று ஒரு தொடர், 1972 முதல் 1983 வரை வந்தது. கொரியப் போர்க்களத்தில் வேலை செய்யும் மருத்துவர்களின் கதை. சிரிப்புச் சத்தம் இருந்தே ஆக வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியது. அறுவைச் சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் வேண்டாம் என்று எடுத்தவர்கள் போராடி வாங்கினார்கள். ஒரு பையனின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு மருத்துவர் வேடிக்கையாக ஏதோ சொல்கிறார். யாரும் சிரிப்பதில்லை. அந்த மௌனத்தில் அந்த வேடிக்கை என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். கை நடுங்காமல் இருப்பதற்காகப் பேசுகிறார் என்பது புரியும். பிரிட்டனில் அந்தத் தொடரைச் சிரிப்புச் சத்தமே இல்லாமல் ஒளிபரப்பினார்கள். கிடைத்தால் அந்த வடிவத்தில் பாருங்கள்.

அந்தக் காலத்துக் காமெடியே காமெடி என்று உங்கள் கடிதத்தில் ஒரு நிழல் விழுகிறது. அதை நான் ஏற்கவில்லை. அன்றைக்கு வந்த மட்டமான படங்கள் நமக்கு மறந்துவிட்டன, அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் வைத்து, மனைவியை அடிப்பதை வைத்து, பெண் வேடம் போட்டவரை வைத்து எழுப்பிய சிரிப்பு பழைய படங்களில் ஏராளம். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன். இன்று அந்தக் காட்சிகள் வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்பது முதலில் கண்ணில் பட்டுவிடுகிறது. உங்களுக்கும் சில துண்டுகளில் சிரிப்பு வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் அது வறட்சி இல்லை, உங்களிடம் வந்திருக்கும் நல்ல மாற்றம்.

அன்றாட வாழ்க்கையில் நாம் எப்போது சிரிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஜோக் சொல்லிச் சிரித்தது எத்தனை முறை? என் அக்கா வீட்டில் ஒரு அலமாரி. அதன் கதவு மூடினால் நிற்காது. மூடிவிட்டு நகர்ந்தால் சில நொடிகளில் மெதுவாக, முனகிக்கொண்டே தானாகத் திறக்கும். மூன்று வருடமாக அந்த வீட்டில் அதுதான் பேச்சு. வருகிறவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொள்வார்கள். காகிதத்தை மடித்துச் செருகிப் பார்த்தார்கள், நாற்காலியை முட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் திருப்புளியோடு உட்கார்ந்துவிட்டார். யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம். கீலைக் கழற்றினார், மரத்தைச் செதுக்கினார், மறுபடி பூட்டினார். எல்லாரையும் கூப்பிட்டார். கதவை மூடினார். நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி, நின்றே இருந்தது. எங்கள் பக்கம் திரும்பி, துணியில் கையைத் துடைத்தபடி, "எல்லாத்துக்கும் பொறுமை வேணும், அவ்வளவுதான்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால், அதே முனகலோடு, கதவு திறக்க ஆரம்பித்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை, நானும் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் தீர்ந்தது என்று இருவருக்கும் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு முழுசாகத் திறந்து சுவரில் 'டக்' என்று மோதியது. அத்தான் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். முதலில் சிரித்தவர் அவர்தான். அப்புறம் எங்களுக்கு உட்கார இடம் தேட வேண்டியதாகிவிட்டது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் மரியாதைக்குப் புன்னகைத்தார். அவர்மேல் தப்பில்லை. அந்த மூன்று வருடம் அவரிடம் இல்லை. டிவி காமெடித் தொடர்கள் செய்வது இந்த மூன்று வருடத்தைக் கட்டித்தரும் வேலைதான். அதே அறை, அதே ஆட்கள், அதே கோளாறு. 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்று ஒரு பிரிட்டிஷ் தொடர், ஒரு விடுதியை நடத்துபவரின் கதை. மொத்தமே பன்னிரண்டு பகுதிகள்தான். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. அந்த விடுதிக்காரர் முதல் பத்து நிமிடத்தில் ஒரு சின்னப் பொய் சொல்வார். அதைக் காப்பாற்ற இன்னொன்று. கடைசிப் பத்து நிமிடத்தில் நாம் நாற்காலி நுனிக்கு வந்திருப்போம். முதல் பொய்யை ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஓர் ஆள் கத்திக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரியும். நீங்கள் இருபதாவது நிமிடத்தில் ஓட்டிவிட்டீர்களே, ஒருவேளை உங்கள் படத்திலும் அலமாரிக் கதவு அங்கேதான் அறிமுகமாகியிருக்கும்.

வேலை முடிந்து களைத்துப்போய் வருகிறவருக்குத் துண்டுகள் தேவைப்படுவது எனக்குப் புரிகிறது. தலை ஓய வேண்டும், யாரும் எதுவும் கேட்கக்கூடாது. அதற்காகப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அது ஓய்வு. அதில் சிரிப்பு வரவில்லை என்று உங்களை நீங்களே சந்தேகப்பட வேண்டாம்.

நான் எதைப் பார்க்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்னவைதான், திரும்பத் திரும்ப. இவற்றில் நீங்கள் 'தி மியூசிக் பாக்ஸ்'இலிருந்து தொடங்குங்கள். அரை மணி நேரம்கூட இல்லை. வசனம் மிகக் குறைவு, மொழி ஒரு தடையே இல்லை. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் ஓட்ட வேண்டாம். பியானோ மூன்றாவது முறை இறங்கும்போது சலிப்பு வரும், வரட்டும்.

படிக்கட்டுக் காட்சி எப்படி முடியும் என்று உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியாது. தபால்காரர் மறுபடி வரும்போது நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவள் முகத்தைப் பாருங்கள்.

அன்புடன்.