காந்த ஹோல்டரில் மாட்டினால் போனில் உள்ள போட்டோக்கள் அழியுமா?

கேள்வி: காரில் காந்த ஹோல்டரில்தான் போனை மாட்டுகிறேன். போட்டோ எல்லாம் அழிந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். மேப்பில் அம்புக்குறியும் தப்பான திசையைக் காட்டுகிறது. நடுவில் அலுமினியத் தாள் வைத்தால் சரியாகுமா?

பதில்: போட்டோக்கள் எங்கேயும் போகாது. போனில் இருப்பது ஃபிளாஷ் மெமரி, அதில் தகவல் மின்னூட்டமாகத்தான் பதிவாகிறது. இந்தப் பயம், தகவலைக் காந்தமாகப் பதித்த பழைய ஃபிளாப்பி டிஸ்க் காலத்து மிச்சம், அப்போது அதில் நியாயமும் இருந்தது.

அம்புக்குறி கதை வேறு. பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு, ஆயிரம் மைக்ரோடெஸ்லா ஒரு மில்லிடெஸ்லா), அவ்வளவு மெல்லிய புலத்தை அளந்துதான் போனுக்குள் இருக்கும் சென்சார் வடக்கைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் ஹோல்டரில் உள்ள நியோடிமியம் காந்தத்தின் பரப்பிலோ சில நூறு மில்லிடெஸ்லா வரை இருக்கலாம், அதாவது பல ஆயிரம் மடங்கு. பாவம், சென்சார் என்ன செய்யும்! வண்டி ஓடும்போது ஜிபிஎஸ் உங்கள் நகர்வை வைத்தே திசையைக் கணித்துவிடும். வண்டி நின்றால்தான் அம்புக்குறி தடுமாறும்.

போனை எட்டு போல சுழற்றினால் சரியாகும் என்பார்கள். பாதிதான் சரி. ஹோல்டர் பிடிப்பதற்காகப் போனில் ஒட்டியிருக்கும் இரும்புத் தகடு போனோடு சேர்ந்தே திரும்புவதால் அதன் பாதிப்பைச் சென்சார் கழித்துவிடும், ஹோல்டர் காந்தம் வெளியே அசையாமல் நிற்கிறதே, அதைக் கழிக்க வழியில்லை.

அலுமினியத் தாளால் பயனில்லை. நிலையான காந்தப்புலம் அலுமினியம், பிளாஸ்டிக், அட்டை எல்லாவற்றையும் தாண்டி வரும். இரும்பு அதை ஓரளவு திசைதிருப்பும், ஆனால் ஹோல்டரின் பிடியும் தளர்ந்துவிடும். உண்மையான மருந்து தூரம்தான்: காந்தத்தின் அளவோடு ஒப்பிட்டால் நன்றாகத் தள்ளி வந்தபிறகு, தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். திசைகாட்டி உங்களுக்கு முக்கியம் என்றால் கிளிப் வைத்த ஹோல்டருக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம், தகட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். பல போன்களில் லென்ஸை நகர்த்துவதே குட்டிக் காந்தமும் கம்பிச்சுருளும்தான், வெளிக் காந்தம் நெருங்கினால் ஃபோகஸ் குழம்பும். வயர்லெஸ் சார்ஜ் செய்யும்போது தகட்டைக் கழற்றிவிடுங்கள், சூடாகும். போன் உறைக்குள் ஏடிஎம் கார்டு வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள்: சிப்புக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் உள்ள கறுப்புப் பட்டை அழியலாம். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் இந்தக் காந்தங்களை அவர்கள் மார்பிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியே வையுங்கள், முக்கியமாகச் சட்டைப்பையில் வேண்டவே வேண்டாம்.