பங்காளிச் செடிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆக்கிரமிப்புத் தாவரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு சந்தேகங்கள். நாலைந்து விதைகளோ ஒரு தண்டுத் துண்டோதான் புது இடத்துக்கு வந்து சேருகிறது. அங்கே மரபணு வளம் குறைவாகத்தானே இருக்கும்? தனக்குள்ளேயே கலந்து கலந்து அந்தச் செடி நலிந்துபோக வேண்டாமா? எப்படி ஊரையே வளைத்துக்கொள்கிறது? இரண்டாவது, களைகளை வேரோடு அழி என்கிறார்கள். பயிர்களின் காட்டு உறவினங்களைக் காப்பாற்று, விதை வங்கியில் வை என்றும் சொல்கிறார்கள். காட்டுநெல்லும் களைநெல்லும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? எதைப் பிடுங்குவது, எதைக் காப்பது என்று மரபணுவை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மரபணுவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் நாம் காக்க நினைக்கும் குணமும் அழிக்க நினைக்கும் குணமும் பல நேரம் ஒன்றேதான்.

கரும்பைப் பாருங்கள். பேய்க்கரும்பு என்று ஒரு புல் உண்டு. ஆற்றோரங்களில் வெள்ளைக் கதிரோடு ஆளுயரத்துக்கு நிற்கும். தண்டில் சொல்லிக்கொள்ளும்படி இனிப்பு இருக்காது. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆய்வு நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் என்ற ஆய்வாளர்கள் 'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்போடு இந்தப் புல்லைக் கலந்து உருவாக்கியதுதான் கோ 205 என்ற கரும்பு ரகம். இன்று உலகில் பயிராகும் கரும்பு அநேகமாக எல்லாவற்றிலும் பேய்க்கரும்பின் குரோமோசோம்கள் இருக்கின்றன, பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோ. நோய் தாங்குவது, வெட்டிய பின் மறுதாம்பு தெம்பாகத் துளிர்ப்பது எல்லாம் அந்தப் பக்கத்துச் சொத்து.

அதே பேய்க்கரும்பு பனாமா கால்வாய்ப் பகுதியில், கைவிடப்பட்ட நிலங்களை மூடிக்கொண்டு ஒரு மரக்கன்றைத் தலையெடுக்க விடுவதில்லை. தீ வைத்தால் மண்ணுக்கடியில் இருக்கும் தண்டிலிருந்து மறுபடி கிளம்புகிறது. அமெரிக்க அரசு அதைத் தீங்கு செய்யும் களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட குணம்தான் பனாமாவில் தலைவலி.

பயிருக்கும் அதன் காட்டு உறவினங்களுக்கும் இருப்பது பங்காளி உறவு என்பேன். ஒரே வீட்டுப் பிறப்பு. நல்லது கெட்டதுக்கு அவர்கள் வேண்டும். வரப்பு என்று வந்துவிட்டால் வழக்குதான்.

நெல்லில் இந்த வழக்கு இன்னும் சுவாரசியமானது. காட்டுநெல் வயலுக்குள் புகுந்ததால் வந்ததே களைநெல் என்று பலரும் நினைக்கிறோம். சில இடங்களில் காட்டுநெல்லின் கலப்பு இருக்கிறதுதான். ஆனால் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, பல நாடுகளின் களைநெல் பயிர்நெல்லிலிருந்தே வந்தது என்று தெரிந்தது. அதுவும் ஒரே முறை அல்ல, வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக.

காட்டுநெல்லில் மணி முற்றியதும், அது காம்போடு சேரும் இடத்தில் உள்ள மெல்லிய செல் அடுக்கு பிடியை விட்டுவிடும். காற்று அடித்தால் போதும், மணி கீழே. மனிதர்கள் அறுக்கத் தொடங்கியதும் உதிராத கதிர்தான் களத்துக்கு வந்தது. அதுவே அடுத்த விதைப்புக்கும் போனது. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு எஸ்எச்4 என்ற மரபணுவில் மாறிய ஒரே ஓர் எழுத்துக்கு (டிஎன்ஏ தொடரின் ஓர் அலகுக்கு) உண்டு என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள்.

சரி, இப்போது களைநெல்லின் கதிர் ஒன்றை உள்ளங்கையில் வைத்து லேசாகத் தட்டுங்கள். பொலபொலவென்று கொட்டும். அப்படியானால் அதன் எஸ்எச்4 காட்டு வடிவத்தில்தானே இருக்க வேண்டும்? இல்லை. சோதித்த களைநெல்லில் பெரும்பாலானவை பயிருக்குரிய வடிவத்தைத்தான் வைத்திருந்தன. அதாவது இதன் முன்னோர் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வயலில் ஒழுங்காக அறுவடையாகி வந்தவர்கள். அப்புறம் வேறு மரபணுக்கள் வழியாக உதிரும் குணம் புதிதாக வந்திருக்கிறது. போன வழியிலேயே திரும்பவில்லை. வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தாவரப் பரிணாமத்தில் இதைவிட எனக்குப் பிடித்த கதை அதிகம் இல்லை.

காரணம் எளிது. அரிவாள் உதிராத மணியைத் தேர்ந்தெடுத்தது. அதே வயலின் மண் உதிர்ந்த மணியைத் தேர்ந்தெடுத்தது. அறுவடைக்கு முன்பே விழுந்தால்தான் யாரும் விதைக்காமலே அடுத்த பருவத்தில் முளைக்க முடியும். விழுந்ததும் முளைத்துவிடாமல் காத்திருக்கவும் தெரிய வேண்டும். களைநெல்லின் அரிசி பெரும்பாலும் சிவப்பாக இருப்பதற்கு இதில் ஒரு தொடர்பு உண்டு: தோலுக்குச் சிவப்பு நிறம் தரும் ஆர்சி என்ற மரபணுவே விதையின் உறக்கத்தையும் நீட்டிக்கிறது. வெள்ளை அரிசிக்காக நாம் தேர்ந்தெடுத்த நெல்லில் பெரும்பாலும் அந்த மரபணு 14 எழுத்துகளை இழந்து முடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் களைநெல் இன்னொரு வேடிக்கை. அங்கே பெரும்பாலும் பயிராவது நெல்லின் ஜபோனிகா வகை. களையோ ஆசியாவின் இண்டிகா, ஔஸ் வகைகளின் வாரிசு. விதைநெல்லோடு கலந்து கடல் தாண்டியிருக்க வேண்டும். 2002-ல் ஒரு குறிப்பிட்ட களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லை அங்கே கொண்டுவந்தார்கள். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். அயல் கலப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. இது ஒன்றும் செய்யாது என்று தோன்றும் அளவு. ஆனால் லட்சக்கணக்கான கதிர்கள் பக்கத்துப் பக்கத்தில் பூக்கும் வயலில், கலப்பில் வந்த ஒரு செடி போதும். மற்றதையெல்லாம் அந்தக் களைக்கொல்லியே அழித்து அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிடும். சில ஆண்டுகளிலேயே அந்த மருந்துக்கு அசையாத களைநெல் வந்துவிட்டது.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் சொல்வது தர்க்கப்படி சரி. ஆய்வாளர்களும் இதை ஒரு முரணாகவே பார்த்தார்கள். ஆனால் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். அமேசான் படுகையிலிருந்து வெளியேறி உலகம் முழுக்கப் பரவிய செடிகளில் பெரும்பாலானவை மரபணுவில் ஒரே செடியின் நகல்கள். விதையை நம்பாமல் பக்கத் தண்டு விட்டே பெருகும் செடிக்கு உள்ளினக் கலப்பால் வரும் நலிவு ஒரு பிரச்சினையே இல்லை. நீர் தேங்கி, சத்தும் மிகுந்து கிடந்தால் அந்த ஒரு வார்ப்பே போதும்.

எல்லாச் செடியும் ஏழையாகத்தான் வருகிறது என்பதும் இல்லை. உண்ணிச்செடியை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பூவின் நிறத்துக்காகப் பல இனங்களைக் கலந்து வளர்த்துத்தான் கப்பலேற்றினார்கள். சொந்தக் காட்டில் ஒருபோதும் சந்தித்திராத மரபணுக்கள் ஒரே செடியில் கூடின. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கரையில், உள்ளூர் ஸ்பார்ட்டினா புல்லும் அமெரிக்காவிலிருந்து வந்த அதன் உறவும் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் ஒரு மலட்டுப் புல் உண்டானது. பின்பு அதன் குரோமோசோம்கள் இரட்டிப்பாகின, மலடு நீங்கியது. அந்தப் புது இனம் இன்று பல நாட்டுக் கரைகளில் அகற்ற முடியாத ஆக்கிரமிப்பு.

எதைப் பிடுங்குவது? வயலுக்குள் நிற்கும் களைநெல்லைத் தயங்காமல் பிடுங்கலாம். ஆனால் குளக்கரையில் தானாக வாழும் காட்டுநெல்லின் கதையே வேறு. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெல்லைக் குட்டையாக்கும் புல்தழைக் குட்டை வைரஸ் ஆசிய வயல்களைத் தாக்கியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆய்வு நிலையத்தில் 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கியது உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த 'ஒரைசா நிவாரா' என்ற காட்டுநெல்லின் ஒரே மாதிரி. 1976-ல் வெளியான ஐஆர்36 என்ற நெல் ரகத்துக்கு அந்த எதிர்ப்பு அதிலிருந்துதான் வந்தது.

இந்தக் காட்டுநெல்லுக்குப் பயிரே ஆபத்தாவதும் உண்டு. பக்கத்து வயலின் மகரந்தம் ஆண்டுக்காண்டு விழுந்துகொண்டிருந்தால் சிறிய காட்டுக் கூட்டம் தன் அடையாளத்தை இழந்துவிடும். தைவானின் காட்டுநெல் அருகிப்போனதற்கு இப்படிப்பட்ட கலப்பும் ஒரு காரணம். அதனால்தான் விதை வங்கி வேண்டும் என்கிறேன். ஆனால் வங்கியில் இருப்பது சேமித்த நாளின் மரபணு மட்டுமே. புதிய நோயோடும் வெயிலோடும் மோதி மாறிக்கொண்டிருப்பது வெளியே நிற்கும் செடிதான். இரண்டும் வேண்டும். வெளியே நிற்பது வயலிலிருந்து தள்ளி நிற்க வேண்டும்.

இன்னொன்று. நெற்பயிரைத் தாக்கும் குலைநோயைத் தாங்கும் மரபணுக்களை இப்போது களைநெல்லிலும் தேடுகிறார்கள். சில கிடைத்தும் இருக்கின்றன.